இரண்டு சாட்சி கேட்கும் காது

(பொது நூலகம் ஒன்றின் வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசை முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இன்றைக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. மேசைமேல் குச்சி, சொம்பு, துப்பட்டி எல்லாம் இருப்பதைப் பார்த்து ஏதோ மாயாஜாலம் என்று நினைத்துவிடாதீர்கள். காது வேலை செய்யும் விதத்தைப் பார்க்க இவையே போதும்.

ஊர்ப்பக்கம் வழி கேட்டால், "இதோ, கூப்பிடு தூரம்தான்" என்பார்கள். நம்பி நடந்தவர்களுக்குத் தெரியும், அது அரைப் பர்லாங்காகவும் முடியும், ஒரு மைலுக்கும் நீளும். கூப்பிடுகிறவர் யார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நடுவே தோப்பா வெட்டவெளியா என்பதெல்லாம் தெரியாமல் அந்தக் கணக்கு நிற்காது. இதில் வழி சொன்னவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தனியாக ஓர் ஒலி காதில் விழுந்தால், அது எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தது என்று அதைக் கேட்டே தெரிந்துகொள்ள வழி கிடையாது. நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: தூரம் என்கிற வழக்கு ஒற்றைச் சாட்சியை வைத்துத் தீராது. காது எப்போதும் இரண்டாவது சாட்சியைத் தேடுகிறது. அது கிடைத்தால் கெட்டிக்காரத்தனமாகத் தீர்ப்புச் சொல்கிறது. கிடைக்காவிட்டால் துணிந்து தப்புச் சொல்கிறது.

முதலில் காதுக்குச் சுலபமாக வருவதைப் பார்ப்போம். அது திசை. இடப்பக்கம் ஒருவர் கைதட்டினால் அந்த ஒலி இடக்காதுக்கு முந்தியும் வலக்காதுக்குப் பிந்தியும் வந்து சேரும். எவ்வளவு பிந்தி? மிஞ்சிப்போனால் ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஆறேழு பங்கு. அந்தத் துளி வித்தியாசத்தை மூளை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதோடு தலை நடுவில் மறைப்பதால், கீச்சென்ற ஒலிகள் தள்ளியிருக்கும் காதில் சற்றுக் குறைந்து கேட்கும். தடித்த ஒலிக்கு நேர வித்தியாசம், கீச்சொலிக்கு உரப்பு வித்தியாசம் என்று இந்த இரண்டையும் பிரித்து விளக்கியவர் லார்டு ராலே, 1907-ல். திசைக்கு நம் முகத்தின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒரு சாட்சி பிறக்கும்போதே அமைந்துவிட்டது.

தூரத்துக்கு அப்படி இல்லை. கைதட்டுகிறவர் ஐந்து மீட்டரில் நின்றாலும் ஐம்பது மீட்டரில் நின்றாலும் இரண்டு காதுக்கும் இடைப்பட்ட நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். மிஞ்சுவது உரப்பு. வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். சரி, குறைந்து கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் இருக்கும் பெரிய ஒலியா, பக்கத்தில் இருக்கும் சின்ன ஒலியா? உரப்பு மட்டும் அதற்குப் பதில் சொல்லாது.

இங்கே முதல் உதவிக்கு வருவது நம் பழக்கம். ஒருவர் கிசுகிசுக்கும் குரலின் தன்மை வேறு, கத்தும் குரலின் தன்மை வேறு. கத்தும் குரல் மெல்லியதாகக் கேட்டால் ஆள் தொலைவில் என்று உடனே முடிவு கட்டுகிறோம். கிசுகிசு கேட்டாலே ஆள் அருகில். அந்தப் பழக்கத்துக்கு அகப்படாத புது ஒலி வந்தால் தடுமாறுகிறோம். கண்ணைக் கட்டிவிட்டுத் தூரம் சொல்லச் சொன்ன ஆய்வுகளில் ஒரு போக்கு திரும்பத் திரும்பத் தெரிகிறது. மிக அருகில் உள்ள ஒலியைச் சற்றுத் தள்ளியும், தொலைவில் உள்ளதை மிகவும் கிட்டவும் சொல்கிறார்கள். கண்ணுக்கு விரிந்து தெரியும் மைதானம் காதுக்குச் சுருங்கிவிடுகிறது.

அடுத்த உதவி சுவர்களிடமிருந்து வருகிறது. சினிமா டப்பிங் தியேட்டருக்குப் போயிருப்பவர்களுக்கு இது தெரியும். கதாநாயகன் வயல்வரப்பின் மறுகோடியிலிருந்து கத்துகிறான் என்று காட்சி. குரல் கொடுப்பவரோ மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறார். சவுண்ட் என்ஜினியர் வால்யூமைக் குறைத்துவிட்டால் போதுமா? போதாது. குறைத்துப் பாருங்கள், ஆள் தொலைவுக்குப் போகமாட்டார். அதே இடத்தில் நின்று மெதுவாகப் பேசுவதுபோல்தான் இருக்கும். ஒரு கூடத்துக்குள் நடக்கும் காட்சி என்றால், நேரே வரும் குரலைக் குறைத்து, சுவரில் பட்டுத் திரும்பும் குரலை அதற்கு ஈடாக ஏற்ற வேண்டும். அதைத்தான் ரிவெர்ப் என்கிறார்கள். பேசுகிறவர் நம்மிடமிருந்து விலக விலக, நேர்க்குரல் தேய்கிறது. சுவர்க்குரல் அவ்வளவாகத் தேய்வதில்லை. இந்த இரண்டின் விகிதத்தை எடைபோட்டுத்தான் அறைக்குள் தூரம் அறிகிறோம். காதைப் பற்றிய ஆய்வுக்காக 1961-ல் நோபல் பரிசு பெற்ற கெயோர்க் ஃபான் பெகேஷி 1930-களிலேயே இந்தத் தூர உணர்வைப் பற்றி ஆராய்ந்தார். வயலில் சுவர் ஏது? அங்கே காற்று அந்த வேலையைச் செய்கிறது. நீண்ட தூரம் போகும்போது கீச்சொலிகளைக் காற்று உறிஞ்சிவிடும், தடித்த ஒலிகள் தப்பிவரும். அதனால்தான் பக்கத்தில் விழும் இடி படாரென்று வெடிக்கிறது, தொலைவில் விழுவது குமுறுகிறது.

காற்று உதவியும் செய்யும், கவிழ்த்தும் விடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ரயில் வீட்டுக் கொல்லையில் ஓடுவதுபோல் கேட்கிறது. பகலில் அதே ரயில் போன சுவடே தெரியாது. ஊர் அடங்கியது ஒரு காரணம். இன்னொன்று, வெயில் நேரத்தில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே குளிர்ந்தும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. தெளிந்த இரவில் தரை குளிர்ந்து இது தலைகீழாகிறது. அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து நம்மிடம் வந்து சேர்கிறது. ரயில் கிட்டே வரவில்லை, காது மட்டும் ஏமாந்தது. ஆடிக்காற்றில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி ஒரு நிமிஷம் பக்கத்துத் தெருவிலும் மறுநிமிஷம் பக்கத்து ஊரிலும் கேட்பதும் இதே கதை.

இனி உரப்பை விட்டுவிடுவோம். நேரத்துக்கு வருவோம். அங்கேதான் ஒலி நம்பகமான அளவுகோலாகிறது.

மின்னல் கண்ணுக்கு உடனே எட்டிவிடுகிறது. இடி நடந்து வருகிறது. 20 டிகிரி வெப்பத்தில் விநாடிக்கு 343 மீட்டர் நடை. ஒரு கிலோமீட்டருக்கு மூன்று விநாடி என்று எளிதாக வைத்துக்கொள்ளலாம். இங்கே இரண்டு சாட்சி: ஒளி ஒன்று, ஒலி ஒன்று. ஆனால் இந்தக் கணக்குப் போட ஒலியின் நடை எவ்வளவு என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதை அறிய, தெரிந்த தூரம் ஒன்று வேண்டும். இங்கிலாந்தில் அப்மின்ஸ்டர் என்ற ஊரின் பாதிரியார் வில்லியம் டெர்ஹம் தேவாலயக் கோபுரத்தில் ஏறி நின்று, தொலைவில் சுடும் துப்பாக்கிகளின் பளிச்சைத் தொலைநோக்கியில் பார்த்து, ஊசலை வைத்து நேரம் எண்ணினார். 1700-களின் தொடக்கத்தில் அவர் சொன்ன கணக்கு இன்றைய அளவுக்கு மிக நெருக்கம்.

ஆனால் நமக்கு அப்மின்ஸ்டர் வரை போகத் தேவையில்லை. சென்னையிலேயே அது நடந்தது.

நுங்கம்பாக்கத்தில் வானிலை அலுவலக வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய தூண் அது. தமிழிலும் அதில் கல்வெட்டு உண்டு. அந்த ஆய்வகத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம். அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பறங்கிமலைப் பட்டாளத்திலும் நேரம் தவறாமல் பீரங்கி வெடிப்பார்கள். ஊருக்கு அது பொழுதைச் சொல்லும் குண்டு. கோல்டிங்ஹாமுக்கு அது இலவசமாகக் கிடைத்த சோதனைச்சாலை. வானாய்வகத்துக்குக் கிழக்கே கோட்டை, நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தென்மேற்கே பறங்கிமலை, சுமார் 9 கிலோமீட்டர். இரண்டு தூரமும் நில அளவையில் தெரிந்தவை. 1820, 1821 ஆண்டுகளில் அவர் செய்த வேலை என்னவென்றால், பீரங்கியின் வெளிச்சம் தெரிந்த நொடியிலிருந்து சத்தம் வந்து சேரும் வரை கடிகாரத்தை வைத்து எண்ணுவது. பறங்கிமலைக் குண்டு வந்து சேர ஏறத்தாழ 26 விநாடி. இதை ஒருநாள் இருநாள் அல்ல, மாதக்கணக்கில் செய்தார். ஒவ்வொரு முறையும் வெப்பமானி, காற்றழுத்தமானி, ஈரப்பதமானி மூன்றையும் குறித்துக்கொண்டார். காற்றின் திசையையும் எழுதி வைத்தார்.

ஏன் இவ்வளவு பாடு? நடை மாதத்துக்கு மாதம் மாறியது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒலி விநாடிக்கு 0.6 மீட்டர் கூடுதலாக ஓடும் என்று இன்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. மார்கழிக் காலைக்கும் கத்திரி வெயிலுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்றால், பறங்கிமலைக் குண்டு வருவதில் கிட்டத்தட்ட அரை விநாடி முன்பின்னாகும். அந்த அரை விநாடியைப் பிடித்ததுதான் அந்த வேலையின் பெருமை. முடிவுகள் 1823-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சாயின. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இதே பறங்கிமலைக்கு அருகில்தான் 1802-ல் வில்லியம் லாம்டன் இந்தியாவின் பெரிய முக்கோண அளவைக்கு அடிக்கோடு போட்டார். சுமார் 12 கிலோமீட்டர். எஃகுச் சங்கிலியை வைத்து வைத்து எடுத்த அளவு, வாரக்கணக்கில் ஆயிற்று. தூரத்தைச் சங்கிலியால் ஒருமுறை சரியாக அளந்துவிட்டால், அதை வைத்து ஒலியின் நடையைக் கண்டுபிடிக்கலாம். நடை தெரிந்துவிட்டால் பிறகு சங்கிலி போக முடியாத இடத்துக்கெல்லாம் ஒலியை அனுப்பலாம்.

அப்படித்தான் அனுப்பினார்கள். முதல் உலகப்போரில் லாரன்ஸ் பிராக் என்ற இளம் இயற்பியலாளர், மறைந்திருக்கும் எதிரிப் பீரங்கியைக் கண்டுபிடிக்க வரிசையாக மைக்குகளை நட்டார். வெளிச்சம் தெரியாது, ஒலி மட்டும்தான். ஆனால் ஒரே வெடி ஒவ்வொரு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். அந்த வித்தியாசங்களை வரைபடத்தில் இழுத்தால் பீரங்கி நிற்கும் இடம் கிடைக்கும். நம் இரு காது செய்வதை மைல் கணக்கில் விரித்து வைத்தார், அவ்வளவுதான். கடலடியில் ஒலி இன்னும் வேகம், விநாடிக்கு 1500 மீட்டர் அளவில். 1912-ல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டுப் பனிப்பாறையைக் கண்டறியும் முயற்சி சூடுபிடித்தது. அதே உத்தி கடலின் ஆழத்தை அளக்கவும் வந்து சேர்ந்தது. முன்பு கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள்; ஆழ்கடலில் ஒரு அளவுக்கே மணிக்கணக்கில் ஆகும். ஜெர்மனியின் மீட்டியோர் கப்பல் 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக்கில் எதிரொலியை வைத்தே பல்லாயிரம் இடங்களில் ஆழம் அளந்தது. நடுக்கடலில் மலைத்தொடர் எப்படி நீள்கிறது என்பதை அந்த அளவுகள்தான் காட்டின.

எதிரொலியை நம்பியவர்கள் கருவிக்காரர்கள் மட்டும் அல்லர். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் மலைகளுக்கு நடுவே புகுந்து போகும் கடல்வழிகளில், அந்நாளில் மூடுபனி வந்தால் கப்பல் தலைவர்கள் சங்கு ஊதிவிட்டு எதிரொலி வரும் வரை எண்ணுவார்கள். ஒரு விநாடி என்றால் பாறை 170 மீட்டரில் இருக்கிறது என்று பொருள். போக ஒரு பாதி, வர ஒரு பாதி.

இன்னும் கிட்ட வருவோம். பார்வையற்ற சிலர் சுவர் அருகே வந்ததும் முட்டாமல் நின்றுவிடுவார்கள். முகத்தில் ஏதோ பட்டதுபோல் உணர்கிறோம் என்று அவர்களே சொன்னார்கள். நெடுங்காலம் அதை முகத்தின் சக்தி என்றே நம்பினார்கள். 1944-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். அவர்களில் மைக்கேல் சூப்பா தாமே பார்வையற்றவர். சோதனைக்கு வந்தவர்களின் முகத்தைத் தடித்த துணியால் மூடினார்கள்; அப்போதும் அவர்கள் தடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். காதை அடைத்தார்கள், போய் முட்டிக்கொண்டார்கள். ஷூவைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் நடக்கச் சொன்னால் திறமை குறைந்தது. காலடி ஓசைதான் சுவரைத் தேடிப்போய் வந்த தூதுவன் என்று அதில் தெளிவாயிற்று. சுவர் ஒரு மீட்டரில் இருந்தால் எதிரொலி ஆயிரத்தில் ஆறு விநாடியில் திரும்பிவிடும். அதைத் தனி ஒலியாகக் கேட்க முடியாது. காலடியின் தொனி சற்று மாறும், அவ்வளவுதான். அந்த மாற்றத்தைத்தான் அவர்கள் முகத்தில் பட்டதாக நினைத்தார்கள்.

நம் ஊர்க் கிணற்றையும் விட்டுவிடக் கூடாது. கல்லைப் போட்டு எண்ணுகிறோம். இரண்டு விநாடியில் தண்ணீர்ச் சத்தம் வந்தால் ஆழம் சுமார் 60 அடி. மூன்று விநாடி என்றால்? கல் விழும் கணக்கை மட்டும் போட்டால் 144 அடி வரும். ஆனால் சத்தம் மேலே ஏறிவரவும் நேரம் வேண்டுமே. அதைக் கழித்தால் 133 அடிதான். திரும்பி வரும் பயணத்தை மறந்தால் பம்புக்காரருக்குப் பதினோரு அடி குழாய் வீண்.

சரி, பிள்ளைகளே, உங்கள் முறை. இந்தத் துப்பட்டிக்குப் பின்னால் ஒரே மரத்தில் செய்த, ஒரே தடிமனுள்ள மூன்று குச்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சிமெண்டுத் தரையில் போடுகிறேன். எது நீளம் என்று சொல்லுங்கள். முதலாவது. இரண்டாவது. மூன்றாவது.

(அவையிலிருந்து: "ரெண்டாவதுதான் பெரிசு!")

சரியான பதில். எப்படித் தெரிந்தது? யாரும் உங்களுக்குக் கற்றுத் தரவில்லை. 1998-ல் அமெரிக்காவில் கிளாடியா கரெல்லோவும் உடன் ஆய்வாளர்களும் இதையே செய்தார்கள். மறைவில் மரக்குச்சிகள் விழும். கேட்பவர் முன்னால் உள்ள பலகையை நகர்த்தி, குச்சி இவ்வளவு நீளம் இருக்கும் என்று காட்ட வேண்டும். 30 சென்டிமீட்டர் முதல் 120 வரையிலான குச்சிகள். துல்லியமான அளவு வராவிட்டாலும், குச்சி நீள நீளக் காட்டிய அளவும் ஒழுங்காக நீண்டது. தூரத்தில் தடுமாறும் காது நீளத்தில் இவ்வளவு நிதானமாக இருக்கிறது.

காரணம் என்ன? குச்சியே தனக்குள் இரண்டாவது சாட்சியை வைத்திருக்கிறது. தரையில் பட்டதும் உண்டாகும் அதிர்வு குச்சியின் மறுமுனை வரை ஓடி, அங்கே முட்டித் திரும்பி, மறுபடி ஓடுகிறது. அந்தப் போக்குவரத்துதான் நாம் கேட்கும் சுருதி. நீண்ட குச்சியில் பயணம் நீளம், சுருதி தாழ்வு. குட்டையில் பயணம் குறைவு, சுருதி ஏற்றம். வளைந்து அதிரும் குச்சியில் நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி நான்கு மடங்கு ஏறும். குச்சிக்குள் அடைபட்ட எதிரொலி என்று அந்தச் சத்தத்தைச் சொல்லலாம். கூடவே ஒரு எச்சரிக்கை: மரம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரும்புக் கம்பி ஒன்றை நடுவில் கலந்துவிட்டால் இதே காது வழிதவறலாம்.

கடைசியாக இந்த நெடிய எவர்சில்வர் பாத்திரம். வாய் முதல் அடி வரை 34 சென்டிமீட்டர். உள்ளே சொம்புத் தண்ணீரை ஊற்றுகிறேன், கேளுங்கள். காலியாக இருக்கும்போது இதற்குள் உள்ள காற்றின் சுருதி 250 ஹெர்ட்ஸ் அளவில். பாதி நிரம்பினால் 500. முக்கால் நிரம்பினால் 1000. மீதி இடம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் சுருதி ஒரு ஸ்தாயி ஏறுகிறது. அடியில் மெதுவாக ஏறும் சுருதி வாய்க்கு வரவர ஓட்டம் பிடிக்கிறது. குழாயடியில் பேசிக்கொண்டே நிற்கும் பெண்கள் குடத்தைத் திரும்பிப் பாராமலே குழாயை மூடுவது இதனால்தான். வழிவதற்குச் சற்று முன்பு சத்தம் தானாகவே அவசரப்படுகிறது. 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பார்வையற்றவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டவர்களும் காதை மட்டும் நம்பிப் பாத்திரத்தை விளிம்பு வரை நிரப்பிக் காட்டினார்கள்.

இவ்வளவும் கேட்டபிறகு ஒரு விஷயத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஐப்பசி மழைக்காலம் வரப்போகிறது. நம் நாட்டில் மின்னல் தாக்கி ஆண்டுதோறும் 2000-க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள். பெரும்பாலோர் வயல்வெளியில் வேலை செய்கிறவர்கள். "இடி மெதுவாத்தானே கேக்குது, தூரமாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு கதிர் அறுப்பைத் தொடருவது ஒற்றைச் சாட்சியை நம்புவது. உரப்பு தூரத்தைச் சொல்லாது என்று பார்த்தோம். மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். முப்பதுக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் தலைமேலேயே விழலாம். எண்ணத் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, இடி காதில் விழுந்தாலே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும். வயலில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இதைச் சொல்வது முன்வரிசைக்காரர்களாகிய உங்கள் வேலை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். குச்சியைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மேடைக்கு வரலாம்.